கடைசிப் பக்கத்திலிருந்து வந்த மாப்பிள்ளை

ஆடி பிறந்து மூன்றாம் நாள் காலையில், சிவகாசியில் தவமணி அண்ணாச்சியின் அச்சாபீஸ் குடோனில், முந்தின வாரம் வந்திறங்கிய பேப்பர் ரீம்களுக்கு மேலே, கறுப்புக் கோட்டும் நெஞ்சுப்பையில் ஒரு வெள்ளைப் பூவுமாக ஒருவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான் என்பதும், அவன் உடம்பில் கறுப்பையும் வெள்ளையையும் தவிர வேறு கலரே கிடையாது என்பதும், ஒன்பது மணி டீ வருவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பரவியதே தவிர யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் இத்தனை வருசமாகச் சாமியையும் குழந்தையையும் மயிலையும் ரோஜாவையும் லட்சலட்சமாக அடித்துத் தள்ளுகிற ஊரில், அடித்ததில் ஒன்றாவது ஒருநாள் எழுந்து வரும் என்று எல்லாருக்கும் மனசுக்குள் ஓர் எண்ணம் இருக்கத்தான் செய்தது, இன்னும் வரவில்லையே என்ற குறைதான் பாக்கி.

முதலில் அவனைப் பார்த்தது பெரிய மிஷின் ஓட்டுகிற சவரிமுத்து. பார்த்தவன் கும்பிடவில்லை, கத்தவில்லை, சட்டைப்பையிலிருந்து லென்சை எடுத்து அவன் கன்னத்தில் வைத்துக் குனிந்து பார்த்துவிட்டு, "அச்சுப் புள்ளி சுத்தமா விழுந்திருக்கு அண்ணாச்சி, நம்ம மிஷின்ல அடிச்ச சரக்குதான்" என்றான். தவமணி அண்ணாச்சியும் லென்சை வாங்கிப் பார்த்தார், பிடரியில் மை கொஞ்சம் தூக்கல் என்று குறை சொன்னார், சொன்னாலும் முகத்தில் பெருமை வழிந்தது, ரோட்டுக்கு எதிர்ச்சாரியில் நாலு கலர் மிஷின் வைத்துக்கொண்டு பீற்றிக்கொள்கிறவனுக்குக்கூட இப்படி ஒரு ஆள் இறங்கி வந்ததில்லையே.

அப்போதுதான் சுந்தரக்கனி உள்ளே வந்தாள். பைண்டிங் செக்சனுக்குப் பொறுப்பு அவள், வயசு முப்பத்தாறு, ஓரிடத்தில் நிற்கமாட்டாள், நின்றாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும், சோற்றுத் தட்டை ஏந்திக்கொண்டு நடந்துகொண்டேதான் சாப்பிடுவாள் என்று அவள் அம்மா சீனியம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவளைக் கண்டதும் ரீம் மேலிருந்தவன் எழுந்தான், கோட்டைச் சரிசெய்தான், கண் ரெண்டும் பளபளவென்று பெரிசானது.

"கனி, நேரமாகிவிட்டது. எல்லோரும் காத்திருக்கிறார்கள். வா, திருமணம் செய்துகொள்வோம்" என்றான்.

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுபோனது. அவளுக்கு அந்த வசனம் தெரியும்; பன்னிரண்டாவது அத்தியாயம், கடைசிக்கு முந்தின பக்கம், மேலே வலது மூலைக் கட்டம். அங்கே கனி என்கிற இடத்தில் சயோ என்று இருக்கும், அது ஒன்றுதான் வித்தியாசம்.

அது ஒரு ஜப்பான் படக்கதை. சென்னைப் பதிப்பகக்காரர் ஒருவர் தமிழில் மாற்றி, 'நூறு வோல்ட் மாப்பிள்ளை' என்று பெயர் வைத்து மூவாயிரம் பிரதி அடிக்கக் கொடுத்திருந்தார். சோறு பொங்கும் குக்கருக்கு ஆர்டர் போட்ட சயோ என்கிற பெண்ணுக்கு, குக்கருக்குப் பதில் மிகிதோ என்கிற ஆண்ட்ராய்டு, அதாவது அசல் மனுசன் மாதிரியே செய்த மிஷின் ஆள், அட்டைப்பெட்டியில் வந்து இறங்குகிறான். திருப்பி அனுப்பப் பார்க்கிறாள், முடியவில்லை. சண்டை, சிரிப்பு, கடைசியில் கல்யாணம். குறை என்று பார்த்தால் குறை இல்லாத பக்கமே கிடையாது. மிகிதோவின் மச்சம் ஒரு பக்கத்தில் வலது கண்ணுக்குக் கீழே இருக்கும், பக்கத்தைத் திருப்பினால் இடது கண்ணுக்குக் குடிபோயிருக்கும். நாலாவது அத்தியாயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் செத்தேன் என்று அலறுகிறவன் ஆறாவதில் வெந்நீர் ஊற்றில் முங்கி நீச்சலடிப்பான். இரண்டாவதில் செத்து அடக்கம் பண்ணின சயோவின் அப்பா ஒன்பதாவதில் கூச்சமே இல்லாமல் உட்கார்ந்து நூடுல்ஸ் உறிஞ்சுவார், வரைந்தவருக்கும் ஞாபகம் இல்லை, திருத்த வேண்டியவருக்கும் ஞாபகம் இல்லை. ரெண்டு பக்கத்துக்கு ஒருதரம் யாராவது தடுக்கி யார்மேலாவது விழுவார்கள். அந்தப் பெண்ணுக்கு அவன்மேல் ஏன் ஆசை வந்தது என்று எங்கேயும் ஒரு வரி கிடையாது, வந்தது என்றால் வந்தது.

கனிக்கு அந்தப் புத்தகம் உயிராகிவிட்டது. "கூறுகெட்ட பய எழுதுன கதை" என்று திட்டிக்கொண்டே, அடித்து வந்த தாள்களை மடிக்கும் முன்னால் படிப்பாள், மடித்த பிறகு படிப்பாள், டீ ஆறிப்போவது தெரியாமல் தனக்குத்தானே சிரிப்பாள். பதினேழு வருசமாக அவள் பார்க்கிற வேலையே குறை கண்டுபிடிப்பது, கோணல் மடிப்பு, ஏறின மை, இறங்கின ஓரம். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களும் குறை பார்த்தே எழுந்து போனார்கள், அவளும் லேசுப்பட்டவள் இல்லை, வந்ததில் மூன்று பேரைக் காது பெரிசு, பேசினால் எச்சில் தெறிக்கிறது, நடை சரியில்லை என்று அவளே கழித்துக் கட்டினாள். அப்பேர்ப்பட்டவளிடம் நூறு குறையோடு ஒரு கதை வந்து, தன் குறை எதையும் கண்டுகொள்ளாமல் இளித்துக்கொண்டு உட்கார்ந்தால் அவள்தான் என்ன செய்வாள்? ஒன்றைத் திருத்தவேண்டாம் என்று வாழ்க்கையில் முதல்தடவையாகத் தோன்றியது, அந்தச் சந்தோசம் அவளுக்குப் புதுசு.

வினையும் அங்கேதான் வந்தது. ஜப்பான் புத்தகத்தை நாம் மூடுகிற பக்கம் திறக்கவேண்டும், முதுகு வலப்பக்கம் இருக்கும், கதை வலமிருந்து இடமாக ஓடும். பதிப்பகக்காரர் மூன்று தடவை போனில் சொன்னார், கனி மூன்று தடவையும் "சரிங்க சார்" என்றாள். ஆனால் பைண்டிங் அன்றைக்கு அவள் கண் பதினோராவது அத்தியாயத்தில் கிடந்தது, கை தன் பழக்கத்துக்கு முதுகை இடப்பக்கம் வைத்துப் பசை போட்டு முன்னட்டையைக் கடைசிப் பக்கத்துமேல் ஒட்டிவிட்டது, ஒன்றல்ல ரெண்டல்ல, மூவாயிரமும். லாரி கிளம்பிப் போன பிறகு, மிஞ்சின ஒரு பிரதியைப் பிரித்தவள் முதல் பக்கத்தில் கல்யாணத்தைப் பார்த்தாள். பெட்டி கடைசிப் பக்கத்தில் கிடந்தது. பதினேழு வருசத்தில் முதல் தப்பு. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை, மறுநாள் காலையில் அவன் வந்து உட்கார்ந்திருந்தான்.

ஊர் அவனைச் சேர்த்துக்கொண்ட விதத்தைக் கேளுங்கள். ஜப்பான் கரண்டான நூறு வோல்ட்டுக்குச் செய்த உடம்பு, நம்ம ஊர்க் கரண்டை நேரே கொடுத்தால் புகைந்துபோவான் என்று ஸ்டெபிலைசர் கடைக்காரர் அவனுக்கென்று ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் சுற்றிக் கொடுத்தார். ரேசன் கார்டுக்கு எழுதிப் போட்டார்கள், போட்டோ கலரில் இருக்கவேண்டும் என்று திரும்பி வந்துவிட்டது, என்ன செய்வது, அவனே கலரில் இல்லை. கோயில் வரி இவனுக்கு உண்டா இல்லையா என்று ஒரு கூட்டம் போட்டு, ஆளுக்கு உண்டு, மிஷினுக்கு இல்லை, கல்யாணம் ஆனால் பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்தார்கள். புத்தகத்தில் இருக்கிற வசனத்தைத் தவிர வேறு ஒரு வார்த்தை அவன் பேசமாட்டான், அதுவும் கடைசி அத்தியாயத்தில் இருப்பதுதான் வரும் என்று கண்டுபிடித்தார்கள், அதுவும் பெரிய தொந்தரவாக இல்லை, டீக்கடையில் "ஸ்ட்ராங்கா, லைட்டா?" என்று கேட்டால் "இந்த நாளுக்காகவே நான் உருவாக்கப்பட்டேன்" என்பான், மாஸ்டர் ஸ்ட்ராங்காகப் போட்டுக் கொடுப்பார், குடித்துவிட்டுப் போவான். வருசக்கணக்காக ஒரே நாலு வாக்கியத்தை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறவர்கள் அந்தத் தெருவிலேயே எத்தனை பேர்.

கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை "வா, திருமணம் செய்துகொள்வோம்" என்கிறான், கனிக்கோ ஆசை, வெட்கத்தை விட்டுச் சொன்னால் அடக்கமுடியாத ஆசை, மச்சம் இடம் மாறுகிற அந்த முகத்தைப் பார்க்கவென்றே மணிக்கு நாலு தரம் குடோனுக்குப் போய்வந்தாள். ஆனால் சீனியம்மா கையை விரித்தாள்.

"ஏட்டி, ஆடியில எவளாச்சும் மணையில உக்காருவாளா? ஆவணி பொறக்கட்டும். ஓடியா போயிருவான்? பிளக்கைப் புடுங்கினா அந்த இடத்துலேயே நிக்கப்போறான்."

தவமணி அண்ணாச்சியும் அதையே சொன்னார். "பொறும்மா. ஆடிப்பெருக்கு வருது, அடுத்த வருசத்து காலண்டர் மாதிரியெல்லாம் சேத்து ஆல்பம் போடணும், உன்னய இப்ப விட்டா பைண்டிங் யாரு பாப்பா?"

இரண்டாவது வாரம் பிறந்தது, அவன் கல்யாணப் பேச்சை விட்டுவிட்டான். கோட்டைக் காணோம், பூவைக் காணோம். தயிர் வாங்கக் கடைக்குப் போன கனியைத் துரத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடி, நடு ரோட்டில் நின்று, "போகாதே கனி! இந்த ரயிலில் நீ ஏறினால் என் இதயம் நின்றுவிடும்!" என்று கத்தினான். ரயிலும் இல்லை, அவள் எங்கும் போகவும் இல்லை. தினமும் இதே கதைதான், சாத்தூர் பஸ் கண்டக்டர் அவன் கத்தி முடிக்கிற வரைக்கும் விசில் கொடுக்காமல் காத்திருக்கப் பழகிக்கொண்டார், பஸ்ஸில் இருந்தவர்கள் "ஏறாத தாயி, பாவம்" என்று ஜன்னல் வழியாகச் சிபாரிசு செய்தார்கள். ஊர் சிரித்தது. கனிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அது பதினோராவது அத்தியாயம்.

அவன் பின்னால் போய்க்கொண்டிருந்தான். அவள் ஒட்டின ஒட்டு அப்படி. போன வாரம் பன்னிரண்டு, இந்த வாரம் பதினொன்று, வாரத்துக்கு ஓர் அத்தியாயமாகக் கல்யாணத்திலிருந்து பெட்டியை நோக்கி நடக்கிறான். அவள் விரலை மடக்கி எண்ணினாள். ஏழாவது அத்தியாயத்தில்தான் அவன் முதல்முதலாகக் காதலிக்கிறேன் என்பான். அதற்கு முன்னால் அவனுக்கு அந்த எண்ணமே கிடையாது. ஒன்றாவதில் அவள் யாரென்றே தெரியாது. ஆவணி பிறக்கும்போது எட்டு நடக்கும். ஏழு தீர்வதற்குள் தாலி ஏறவேண்டும், இல்லாவிட்டால் அவன் அவளுக்கு இல்லை.

அதற்குப் பிறகு அவள் நடந்த நடை இருக்கிறதே, வீட்டிலிருந்து அச்சாபீஸ், அச்சாபீசிலிருந்து கோயில், கோயிலிலிருந்து ஜோசியர் வீடு, மறுபடி வீடு, செருப்பு தேய்ந்து புதுச் செருப்பு வாங்கினாள். கையிலிருந்த பிரதியின் அட்டையைக் கிழித்து, முதுகை வலப்பக்கம் மாற்றி ஒட்டிப் பார்த்தாள். அவன் ரெண்டு நாள் விக்கல் எடுத்துக்கொண்டு பின்னோக்கியே நடந்து, டீக்கடைப் பெஞ்சில் மோதி விழுந்தான், பயந்துபோய்ப் பழையபடியே ஒட்டிவிட்டாள். மிச்சம் மூவாயிரமும் எங்கெங்கேயோ எந்தெந்த அலமாரியிலேயோ தலைகீழாக இருக்கும்போது ஒன்றைத் திருத்தி என்ன ஆகும்.

ஆடிப்பெருக்கு அன்றைக்குக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூசை போட்டுக்கொண்டிருக்கும்போதே பதிப்பகக்காரர் போனில் கொதித்தார். கனி அண்ணாச்சி முன்னால் போய் நின்று, "தப்பு என்னோடதுதான் அண்ணாச்சி. கதை படிச்சுக்கிட்டே ஒட்டிட்டேன்" என்று உள்ளதைச் சொன்னாள். வேலை போகும் என்றுதான் நினைத்தாள். அண்ணாச்சி சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பின்னால இருந்து படிக்கவும்னு ஒரு சீட்டு அடிச்சு அனுப்பு, ஒட்டிக்கிடட்டும்" என்றார். "அப்புறம், நேரா ஒட்டியிருந்தா இந்தப் பையன் நமக்குக் கெடச்சிருப்பானா? விடு."

"அண்ணாச்சி, அவன் என்னய மறந்துக்கிட்டே போறான்."

"யாருதான் மறக்கல" என்று அவர் பிரசாதத் தட்டை நீட்டினார்.

ஒன்பதாவது அத்தியாய வாரத்தில், செத்து எட்டு வருசமான கனியின் அப்பா சொர்ணமுத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார். படக்கதைக்காரன் மறந்துபோனதற்கு இங்கே பலன் கிடைத்தது. சீனியம்மா அழவில்லை, "இத்தன வருசம் எங்க போய்த் தொலஞ்சீக, காலைக் கழுவிட்டு வாங்க" என்று சேமியா கிண்டிப் போட்டாள், அவர் உறிஞ்சி உறிஞ்சித் தின்றார், அந்த ஒரு வாரமும் அவள் முகத்தில் இருந்த களையைப் பார்த்தவர்கள் பார்த்தார்கள். பெண்ணைப் பெற்றவர் இருக்கும்போதே நிச்சயம் பண்ணிவிடலாம் என்று மளமளவென்று தட்டு மாற்றினார்கள். ஆவணி பத்து முகூர்த்தம், அதற்கு முந்தி நாளே இல்லை என்று ஜோசியர் அடித்துச் சொன்னார். கனி எண்ணிப் பார்த்தாள், ஏழாவது அத்தியாயம், அஞ்சாம் நாள். ரெண்டு நாள்தான் மிச்சம், போதும், ஏறிவிட்டால் போதும். சனிக்கிழமை அப்பா போய்விட்டார், அம்மா அவர் தட்டைக் கழுவாமலே வைத்திருந்தாள்.

எட்டாவது அத்தியாய வாரம் அவன் அவளோடு பேசவில்லை. புத்தகத்தில் ஒரு குடையைப் பற்றி அற்பச் சண்டை, யார் எடுத்துப் போனார்கள் என்று கடைசிவரை சொல்லமாட்டார்கள். குடோன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு "குடையைக் கேட்காதே" என்பான். கனி பத்திரிகை அடித்துக் காட்டினாள், பட்டு வேட்டி காட்டினாள், "குடையைக் கேட்காதே." அவள் வெளியே வந்து ரோட்டில் நின்று வாய்விட்டு அழுதாள், லோடுமேன் ஒருவர் அந்த வழியாகப் போனவர், "மாப்பிள்ளை வீம்பா? கல்யாணத்துக்கு முந்தி அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவணி பத்தும் வந்தது. அம்மன் கோயில் மண்டபத்தில் மேளம், பந்தியில் இலை, அச்சாபீஸ் முழுக்க லீவு. மிகிதோ பட்டு வேட்டியில் மணையில் உட்கார்ந்திருந்தான், அன்றைக்கு மச்சம் இடப்பக்கம். ஏழாவது அத்தியாயத்து ஆள் அவன், கண்ணில் காதல் நிறைந்து தளும்பியது. காலையிலிருந்து "கனி, நான் உன்னைக்..." என்று வாயெடுப்பான், எங்கேயாவது ஒரு வெடி வெடித்து அமுக்கிவிடும், புத்தகத்தில் ரயில் அமுக்கும், நம்ம ஊரில் வெடிக்கா பஞ்சம். ஐயர் தாலியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். கெட்டிமேளத்துக்குச் சவரிமுத்து விரலை ஆட்டப்போன நேரம், அவன் தாலியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"நாளை என் நினைவை அழித்துவிட்டால், அதன் பிறகு இருப்பவன் வேறு ஒருவன். அவனிடம் யார் சம்மதம் கேட்பது?" என்றான்.

அந்த வசனம் புத்தகத்தில் இருக்கிறது. இத்தனை தரம் படித்தும் அவள் அதை நிறுத்திப் படித்ததில்லை, சிரிப்புக் கதையில் இது எதுக்கு என்று தாண்டிப் போயிருந்தாள், ஏனென்றால் அடுத்த கட்டத்திலேயே சயோ பூனை வாலைத் தடுக்கி அவன்மேல் விழுந்துவிடுவாள், கேள்வியை அப்படியே எல்லாரும் மறந்துவிடுவார்கள், எழுதினவன் உட்பட. கனியும் விழுந்திருக்கலாம். மாலை கனம், புடவை வழுக்கும், விழுந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், எல்லாரும் சிரித்திருப்பார்கள், அந்தச் சிரிப்பில் தாலி ஏறியிருக்கும். அவள் விழவில்லை. அடுத்த வாரம் தோழி என்று கூப்பிடப்போகிறவனை, அதற்கடுத்து யாரோ என்று பார்க்கப்போகிறவனை நினைத்தாள். கழுத்தில் கிடக்கிற கயிற்றைக் காட்டி, நீ கட்டினதுதான் என்று அவனிடம் அவள் சொல்லவேண்டியிருக்கும், அவனும் மிஷின் பிள்ளை, சரி என்று தலையாட்டுவான்.

"கேக்கதுக்கு ஆள் இல்ல" என்றாள். "அதனால வேண்டாம்." அவன் கையிலிருந்து தாலியை வாங்கி அண்ணாச்சி கையில் வைத்துவிட்டு மணையிலிருந்து எழுந்தாள்.

சீனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி மக, ஊரு உலகத்துல இல்லாத மாப்பிள்ளை, அதுக்கும் குறை கண்டுபிடிச்சுட்டாளே!" மண்டபமே கொந்தளித்தது, மேளக்காரர் எதை வாசிப்பது என்று தெரியாமல் நிறுத்தினார். அப்புறம் யாரோ சாம்பார் இறக்கியாச்சு என்று ஞாபகப்படுத்தினார்கள், எல்லாரும் பந்திக்குப் போனார்கள், மிகிதோவும் முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். கனி மட்டும் தனியாக வீடு வரைக்கும் நடந்தாள், தான் செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்ததால் வலி ஒன்றும் குறையவில்லை.

அவன் போய்க்கொண்டே இருந்தான். ஆறாவது அத்தியாய வாரம் பேட்டைக் கிணற்றில் குதித்து நீச்சலடித்தான், அவளைத் தோழி என்றான். ஐந்தாவதில் ஒரு வில்லனைத் தேடி ஊரெல்லாம் அலைந்தான், அந்த வில்லன் புத்தகத்திலேயே பாதியில் காணாமல்போனவன், இங்கேயும் கிடைக்கவில்லை. நாலாவதில் தூறல் விழுந்தது, கிணற்றில் முங்கினவன் அலறிக்கொண்டு மிஷினுக்கு அடியில் ஒளிந்தான், சவரிமுத்து ஒரு சாக்கை எடுத்துப் போர்த்திவிட்டான். மூன்றாவதில் அம்மணி என்றான். இரண்டாவதில், வரைந்தவர் கணக்குத் தவறினதால், வலது கையில் ஆறு விரல், வாடிக்கையாளர் அவர்களே என்றான். கனி தினமும் மத்தியானம் வந்து குடோன் வாசலில் நின்று, உள்ளே போகாமல், ரெண்டு நடை நடந்து, திரும்பிப் போவாள். என்னை மறக்காதே என்று ஒருநாளும் சொல்லவில்லை, சொல்லிவிடாமல் வாயை அடக்குவதற்காக உதட்டைக் கடித்துப் புண்ணாக்கியிருந்தாள்.

புரட்டாசி பதினேழில் அவனே ஒரு காலிப் பேப்பர் பெட்டியைத் தேடி எடுத்து உள்ளே உட்கார்ந்துகொண்டான். அந்த வாரக் கடைசியில், "வணக்கம். என்னைத் திறந்ததற்கு நன்றி" என்றான். அது ஒன்றாவது அத்தியாயத்தின் முதல் கட்டம், அதோடு புத்தகம் முடிந்தது. காற்றோடு கரைந்துவிடுவான் என்று எதிர்பார்த்து ஊர் திரண்டு வந்திருந்தது, அண்ணாச்சி ஒரு மாலையோடு நின்றார். அவன் கரையவில்லை. பெட்டியில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்தான், வாய் திறக்கவில்லை, வசனம் தீர்ந்துவிட்டது. ஒரு நாள், ரெண்டு நாள், மூன்று நாள். சவரிமுத்து லென்ஸ் வைத்துப் பார்த்துப் புள்ளி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றான். ஊருக்கு அதுவும் பழகிவிட்டது, பெட்டியைச் சுற்றிப் பண்டல் அடுக்க ஆரம்பித்தார்கள்.

நாலாம் நாள் மத்தியானம் கனி குடோனுக்குள் வந்தாள். அவன் அவளைப் பார்த்த பார்வையில் ஒன்றும் இல்லை, தெருவில் போகிறவளைப் பார்க்கிற பார்வை, அவள் எதிர்பார்த்ததுதான். ஆனாலும் திரும்பிப் போய்விடலாமா என்று ரெண்டு தரம் வாசல்வரை போனாள். அப்புறம் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ரீமை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யாரும் கேட்காமலே கதை சொல்ல ஆரம்பித்தாள்; ஓர் ஊரில் குறை கண்டுபிடிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள் என்று தொடங்கி, அவள் ஒட்டின புத்தகம், அதிலிருந்து வந்தவன், ஆடி, பஸ் ஸ்டாண்டு, குடை, சேமியா தின்ன அப்பா, மணையில் கேட்ட கேள்வி என்று முதலிலிருந்து கடைசிவரை, முன்பின் மாறாமல், மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் கன்னத்தில் கைவைத்துக் கேட்டான். கண்டக்டர் விசில் கொடுக்காமல் காத்திருந்த இடத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. மணையிலிருந்து அவள் எழுந்த இடத்தில் முகம் சுளித்தான்.

"நல்லால்லயே இந்தக் கதை" என்றான். குரல் அவனுடையதுதான், பேச்சு குடோன் பேச்சு, மூன்று மாசம் காதில் விழுந்த பேச்சு. "ஓட்டை ஓட்டையா இருக்கு. செத்த அப்பா எப்பிடி வருவாரு? குடைய யாரு எடுத்தா? அந்தப் பிள்ளைக்கு அவன்மேல எதுக்கு அம்புட்டு ஆச, ஒரு காரணம் வேண்டாமா?"

"வேணும்தான்" என்றாள் கனி. "இல்ல."

"சரி, அப்புறம் என்னாச்சு?"

"அவ்வளவுதான். அவன் மறந்துட்டான். முடிஞ்சுபோச்சு."

 அவன் பெட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"நாளைக்கும் வருவீகளா?"

"அதான் சொன்னேனே, கதை முடிஞ்சுபோச்சு. சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

"இல்லாட்டி என்ன" என்றான். "சும்மா வாங்க."

கனி அந்த வார்த்தையைத் தேடினாள். பன்னிரண்டு அத்தியாயத்திலும் பக்கம் பக்கமாக, கட்டம் கட்டமாக, முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். எங்கேயும் இல்லை.

"வரேன்" என்றாள்.